உங்கள் மகளுக்கு நீச்சல் தெரியுமா?



2025 ஆகஸ்ட் மாதம் நம் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. கேரளத்துக் கோவளத்தைச் சேர்ந்த ரமேஷ் புதிஹால், ஆண்கள் ஓப்பன் பிரிவில் 12.60 புள்ளி எடுத்து வெண்கலம் வென்றார். இந்தப் போட்டியில் தனிநபர் பிரிவில் இந்தியருக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

அந்த இந்திய அணியில் மாமல்லபுரத்துப் பெண் ஒருத்தியும் இருந்தாள். கமலி மூர்த்தி. சொந்த ஊர்க் கடலில் நாட்டுக்காக இறங்கினாள். அவளைப் பற்றியும், அவளைப் போன்ற நம் வீட்டுப் பெண் பிள்ளைகளைப் பற்றியும்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைக்கிறேன்.

கமலி மீனவர் குடும்பத்துப் பிள்ளை. அம்மா சுகந்தி தனியாளாக நின்று வளர்த்தார். ஐந்து வயதில் ஸ்கேட்போர்டில் ஏறிய குழந்தை கமலி. கவுன் போட்டுக்கொண்டு, காலில் செருப்புகூட இல்லாமல் அவள் சறுக்கி வந்த படம் உலகம் முழுக்கப் பரவியது. அவளையும் அம்மாவையும் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த 24 நிமிட ஆவணப்படம், 2020இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பிறகு கமலி அலைச்சறுக்குப் பலகையோடு கடலில் இறங்கினாள். மங்களூரு அருகே 2024இல் நடந்த இந்திய ஓப்பன் போட்டியில் 16 வயதுக்கு உட்பட்டோர் பட்டத்தோடு பெரியவர்களுக்கான மகளிர் பட்டத்தையும் சேர்த்து வாங்கினாள்.

இந்த விளையாட்டைக் கரையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பலகை மேல் குப்புறப் படுத்து, கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே உள்ளே போகிறார்கள். பலகை கைவிட்டுப் போகாமல் இருக்கக் காலில் ஒரு கயிறு. அலை முதுகுக்குப் பின்னால் எழும்பும் அந்த நொடியில் சட்டென்று எழுந்து நிற்க வேண்டும். ஒரு சுற்றில் எத்தனை அலையில் ஏறினாலும் சிறந்த இரண்டுக்கு மட்டும்தான் மதிப்பெண். ஒவ்வொரு அலைக்கும் அதிகபட்சம் பத்து, ஆக மொத்தம் இருபது. எந்த அலையை விடுவது, எதைப் பிடிப்பது என்ற கணக்குதான் ஆட்டம். கடலைப் படிக்கத் தெரிந்தவருக்கே அது கைவரும்.

அந்தப் படிப்பு நம் கடலோரக் குடும்பங்களுக்குப் புதிதா என்ன? வாடை அடித்தால் கடல் எப்படி மாறும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் அங்கே சோற்றோடு சேர்ந்து வரும் அறிவு. நம் தமிழ்நாட்டுக் கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் 2012இல் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கியது அந்த அறிவை நம்பித்தான். குடி, புகை பக்கம் போகக் கூடாது என்பது அங்கே கண்டிப்பு. இன்றைக்கு அந்த ஊர்ப் பையன்கள் பலர் வீரர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் நாலு காசு பார்க்கிறார்கள்.

பையன்கள் சரி, பெண் பிள்ளைகள்?

இங்கேதான் நம் வீட்டுப் பேச்சு ஆரம்பிக்கிறது. “வெயில்ல கறுத்துப் போயிடுவா.” “அந்த டிரெஸ்ஸைப் போட்டா ஊர் என்ன சொல்லும்?” “டென்த் வந்துடுச்சு, இனிமே போதும்.” எந்த வீட்டில் இது கேட்கவில்லை? சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிள்ளை மேல் உள்ள பயத்தில்தான் சொல்கிறார்கள்.

இந்தப் பயம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. பனிச்சரிவில் சறுக்கி வந்து காற்றில் பறக்கும் பனிச்சறுக்குத் தாண்டுதல், நார்வேயில் பிள்ளைகள் பார்த்து வளரும் விளையாட்டு. ஆனாலும், ‘பெண் உடம்புக்கு ஆகாது’ என்ற பேச்சு பல காலம் உலகத்தில் ஓடியது. ஆண்களுக்கு 1924இலேயே குளிர்கால ஒலிம்பிக்கில் இருந்த அந்த விளையாட்டு, பெண்களுக்குக் கிடைத்தது 2014இல். தொண்ணூறு வருஷம்! அதற்கு அடுத்த ஒலிம்பிக்கில், 2018இல், நார்வேயின் மாரென் லுண்ட்பி தங்கம் வென்றார். எடை குறைவாக இருந்தால் அதிக தூரம் பறக்கலாம் என்பது அந்த விளையாட்டின் கணக்கு. அவர் என்ன செய்தார் தெரியுமா? எடையைக் குறைக்க உடம்பை வதைக்க மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லி, 2022 ஒலிம்பிக்கையே விட்டுக்கொடுத்தார். பதக்கத்தைவிட உடம்பு பெரிது என்று ஒரு சாம்பியனே சொன்னது, பிள்ளைகளை விளையாட அனுப்பும் நம் எல்லோருக்கும் வேண்டிய பாடம்.

எல்லாப் பெண்ணும் கமலி ஆக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு நல்ல பலகை வாங்க எத்தனையோ வீடுகளில் ஒரு மாதச் சம்பளம் போதாது. வெளியூர்ப் போட்டி, சாப்பாடு, காயம் என்று செலவு நீளும். ஸ்பான்சர் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. 2026 ஆசிய விளையாட்டில் அலைச்சறுக்கும் இடம்பெறுகிறது. அதனால் ஆர்வம் கூடும், அதோடு ஏமாற்றங்களும் வரும். படிப்பை விடாமல் விளையாட வைப்பதே புத்திசாலித்தனம்.

நான் கேட்பது அதற்கு முந்தைய படி. நீச்சல்.

2004 சுனாமியை நாம் மறந்துவிடவில்லை. நம் கடலோர ஊர்களில் அன்று ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்தார்கள். காரணங்கள் பல. பெண்களில் நிறையப் பேருக்கு நீச்சல் தெரியாது என்பதும் அதில் ஒன்று. வீட்டு ஆண்கள் கடலில் தொழில் செய்ய, அதே வீட்டுப் பெண்கள் கரையோடு நின்றுவிட்ட வழக்கத்துக்குக் கொடுத்த விலை அது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த வழக்கத்தை மாற்றாமல் இருக்கலாமா?

இந்த லீவில் மகளையும் மகனையும் சேர்த்தே நீச்சலுக்கு அனுப்புங்கள். முதலில் நீச்சல் குளத்தில், தெரிந்த பயிற்சியாளரிடம். பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, உடை மாற்ற இடம் உண்டா, ஆபத்து என்றால் காப்பாற்ற ஆள் நிற்கிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மாமல்லபுரம், கோவளம் கடலில் பழக்கமில்லாதவர்கள் இறங்கி உயிரைவிடும் செய்தி அடிக்கடி வருகிறது. ஆகவே நீச்சல் தெரிந்த பிள்ளையைக்கூடத் துணையில்லாமல் அலையில் விடாதீர்கள்.

நீந்தப் பழகிய பிறகு, ‘அம்மா, நானும் பலகையில் ஏறட்டுமா?’ என்று மகள் கேட்டால், ஊர் என்ன சொல்லும் என்பதை ஒதுக்கிவிட்டு அவளோடு ஒருமுறை கரைக்குப் போய் நில்லுங்கள். சுகந்தி தன் மகளுக்குச் செய்ததும் அதுதான். நம்மாலும் முடியும். உங்கள் வீட்டில் யாராவது நீச்சல் கற்க ஆரம்பித்தால் எங்களுக்கு எழுதுங்கள். அம்மாக்களே சேர்ந்து கற்றால், அந்தக் கடிதத்தை முதலில் பிரசுரிக்கிறேன்!

அன்புடன்,
ஆசிரியர்