பையில் ஆணுறை இருந்தால் குற்றமா?

லாட்ஜில் ரெய்டு. பெண் ஒருத்தி பிடிபடுகிறாள். கைப்பையைத் தலைகீழாகக் கொட்டுகிறார்கள். நாலு ஆணுறைப் பாக்கெட் விழுகிறது. "இதைவிட வேற என்ன சாட்சி வேணும்?" என்கிறார் ஏட்டு. விபசார வழக்குகள் பல ஊர்களில் காலம் காலமாக இப்படித்தான் நடந்து வந்தன.

கேட்கிறோம். அந்தப் பாக்கெட் என்ன கத்தியா? கஞ்சாவா?

1968-ல் மத்திய சர்க்கார் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக 'நிரோத்' கொண்டுவந்தது. வாங்கச் சொல்லி ஊரெல்லாம் விளம்பரம். புருஷன் சட்டைப்பையில் இருந்தால் அது தேச சேவை. ஏழைப் பெண்ணின் கைப்பையில் இருந்தால் மட்டும் குற்றமா? இது என்ன நியாயம்?

சுப்ரீம் கோர்ட்டு 2022 மே 19-ந்தேதி இதற்கு முடிவு கட்டிவிட்டது. பாலியல் தொழிலாளர்கள் உடல்நலப் பாதுகாப்புக்கு ஆணுறை பயன்படுத்துவதைக் குற்றமாகக் கருதக்கூடாது. குற்றத்துக்குச் சாட்சியாகவும் காட்டக்கூடாது என்று உத்தரவிட்டது. டெல்லியில் போட்ட உத்தரவு, ஸ்டேஷன் படியேறி கடைசி கான்ஸ்டபிள் காது வரைக்கும் போய்ச் சேரணும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? வைத்திருந்தால் வழக்கு என்று பயந்தால், அவள் ஆணுறையை எடுத்து வரமாட்டாள். அப்புறம் நோய் பரவும். அது அவளோடு நிற்காது. வந்து போன ஆணோடு அவன் வீட்டுக்கும் போகும். ஒரு பாவமும் அறியாத மனைவிக்கும், வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

சென்னைக்கு இது புதுக் கதை அல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே இங்கேதான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் அதைக் கண்டுபிடித்தார்கள். ரத்தம் கொடுத்தவர்கள் மயிலாப்பூர் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்கள். அவர்களிடம் வந்து போன ஆண்கள் எந்தக் காப்பகத்திலும் இல்லை. அவரவர் வீட்டில் நிம்மதியாக இருந்தார்கள்!

ஆகவே ஆண்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

ஆணுறை கேட்க மெடிக்கல் ஷாப்பில் கூச்சப்படாதீர்கள். ஒவ்வொரு தடவையும் புதுசு. தேதி பார்த்து வாங்கணும். மணிபர்சில் மாசக்கணக்கில் வைத்தால் சூட்டில் கெட்டுப் போகும். தேங்காய் எண்ணெய், வாசலைன் தடவினால் ரப்பர் கிழியும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போடுவதும் ஆபத்து.

கிழிந்துவிட்டதா? எச்.ஐ.வி. தொற்றியிருக்கும் என்று சந்தேகமா? 72 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் மாத்திரை உண்டு.

மேகவெட்டை, கிரந்தி போன்றவை வெளியே தெரியாமலே உடம்பில் இருக்கும். சரியான மருந்தில் குணமாகும். ஆனால் ஜோடியில் ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் மறுபடி தொற்றும். சுவரில் 'இரகசிய நோய்' போஸ்டர் ஒட்டும் லாட்ஜ் வைத்தியரிடம் காசைக் கொட்டி ஏமாறாதீர்கள்.

அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். முடிவை வெளியே சொல்லக்கூடாது, எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று 2017-ல் சட்டமே வந்தாச்சு. சந்தேகம் கேட்க 1097-க்குப் போன் போடலாம். கட்டணம் கிடையாது.

போலீஸ் அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. பெண்களைக் கடத்தி விற்கும் புரோக்கரைப் பிடியுங்கள். சிறுமியை அடைத்து வைப்பவனை உள்ளே தள்ளுங்கள். ஊரே பாராட்டும்.

ஆணுறையை மட்டும் அவள் பையிலேயே விட்டுவிடுங்கள். அது உங்கள் வீட்டையும், எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறது.