முதல் அடியைப் பார்த்தது யார்?

ஒருவர் கொல்லப்பட்டார் என்பது நிச்சயம். கொன்றவன் யார் என்பதும் நிச்சயம். கீழ்க்கோர்ட்டு ஆயுள் முழுவதும் சிறை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது. ஆனாலும் அப்பீலில் அந்தத் தண்டனை பாதிக்கும் கீழாக இறங்கிவிடலாம். பிலிப்பைன்ஸ் நாட்டுக் கோர்ட்டுகளில் இது அடிக்கடி நடக்கிற சங்கதி. ஏன் இப்படி? பணம் கைமாறியதா? எல்லா வழக்கிலும் அப்படியல்ல. "நயவஞ்சகம்" என்ற ஒரே ஒரு விஷயம் நிரூபிக்கப்படவில்லை என்பதுதான் காரணம்.

அந்த நாட்டின் தண்டனைச் சட்டம் 1932-ல் அமுலுக்கு வந்தது. அதன் வேர் ஸ்பெயின் ஆண்ட காலத்துச் சட்டத்தில் இருக்கிறது. அது கொலையை இரண்டாகப் பிரிக்கிறது. 249-வது பிரிவு சாதாரணக் கொலை. தண்டனை 12 ஆண்டு ஒரு நாள் முதல் 20 ஆண்டு வரை. 248-வது பிரிவு கொடுங்கொலை. 2006-ல் மரண தண்டனை ஒழிக்கப்பட்ட பிறகு இதற்கு 20 ஆண்டு ஒரு நாள் முதல் 40 ஆண்டு வரை சிறை. சாதாரணக் கொலையைக் கொடுங்கொலையாக உயர்த்தும் காரணங்கள் பல உண்டு. கூலி வாங்கிக்கொண்டு கொல்வது, முன்கூட்டியே திட்டமிட்டுக் கொல்வது போன்றவை அதில் சேரும். கோர்ட்டுகளில் அதிகம் அடிபடுவது நயவஞ்சகம்.

நயவஞ்சகம் என்றால் என்ன? சட்டம் இரண்டு விஷயங்களைக் கேட்கிறது. ஒன்று, அடிபட்டவருக்குத் தடுக்கவோ திருப்பி அடிக்கவோ வழியே இல்லாமல் இருந்திருக்க வேண்டும். இரண்டு, தனக்கு ஆபத்து வராதபடி அந்த முறையைக் கொன்றவன் தெரிந்தே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் நயவஞ்சகம் இல்லை. திடீரென்று தாக்கினான் என்பது மட்டும் போதாது. முதுகில் காயம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. கொலையை எவ்வளவு தெளிவாக நிரூபிக்க வேண்டுமோ அவ்வளவு தெளிவாக நயவஞ்சகத்தையும் நிரூபிக்க வேண்டும். யூகத்துக்கு இடமில்லை.

ஒரு உதாரணம் பார்ப்போம். கரும்புத் தோட்டக் கூலி ஒருவர் இரவில் குடிசை வாசலில் குத்தப்படுகிறார். அலறல் கேட்டு மனைவி ஓடி வருகிறாள். மூன்றாவது குத்தைத் தன் கண்ணால் பார்க்கிறாள். கோர்ட்டில் வக்கீல் கேட்கிறார்: "முதல் குத்தைப் பார்த்தாயா, அம்மா?" அவள் உண்மையைச் சொல்கிறாள்: "இல்லை." அவ்வளவுதான். தாக்குதல் எப்படி ஆரம்பித்தது, அதற்கு முன் சண்டை நடந்ததா, செத்தவர் கையில் ஏதாவது இருந்ததா என்பதற்குச் சாட்சி இல்லை. ஆகவே நயவஞ்சகம் நிரூபணமாகவில்லை. கொடுங்கொலை சாதாரணக் கொலையாக இறங்குகிறது.

தண்டனையோடு நஷ்ட ஈடும் இறங்குகிறது. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு வகுத்த கணக்குப்படி, ஆயுள் முழுவதும் சிறை விதிக்கப்படும் கொடுங்கொலையில் உயிருக்கு 75,000 பெசோ, மன வேதனைக்கு 75,000, மற்றவருக்குப் பாடமாக 75,000. சாதாரணக் கொலையில் உயிருக்கு 50,000, மன வேதனைக்கு 50,000. ஒரே பிணம், ஒரே கத்தி. ஆனால் விதவையின் கைக்கு வருவது பாதிக்கும் குறைவு!

இதைக் கேட்டதும் நமக்கு ஆத்திரம் வருகிறது. "ஏழையின் உயிருக்கு இவ்வளவு வாதமா? இந்த விதியையே தூக்கி எறி" என்று சொல்லத் தோன்றுகிறது. பொறுங்கள், தோழர்களே! குற்றவாளிக் கூண்டில் நிற்பது யார் என்றும் பாருங்கள். அங்கேயும் பெரும்பாலும் நம்மைப் போன்றவனே நிற்கிறான். கூலித் தகராறில், வரப்புச் சண்டையில், ஆத்திரத்தில் கை ஓங்கியவனையும், இருட்டில் பதுங்கியிருந்து கொன்றவனையும் ஒரே தராசில் வைக்கலாமா? யூகத்தை வைத்து ஒருவனுக்கு 40 ஆண்டு சிறை கொடுக்கலாம் என்றால், அந்த யூகம் முதலில் பாய்வது வக்கீல் வைக்க வக்கில்லாதவன் மீதுதான். ஆகவே விதி சரியானது. அது நமக்கும் கவசம்.

அப்படியானால் தவறு எங்கே? விதி கேட்கும் சாட்சியத்தைத் திரட்ட வேண்டியவர்களிடம் இருக்கிறது. வாக்குமூலம் எழுதும் போலீஸ்காரர் "யார் குத்தினான்?" என்று கேட்டதோடு காகிதத்தை மடித்துவிட்டால், ஆரம்பத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரன் கோர்ட்டுக்கே வரமாட்டான். குற்றப்பத்திரிகையில் "நயவஞ்சகமாக" என்று ஒரு வார்த்தையை எழுதிவிட்டுக் கை கழுவுகிற வழக்கமும் இருந்தது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டின் முழு அமர்வு இதைக் கண்டித்து, எந்தச் செயல் நயவஞ்சகம் என்பதை விவரமாக எழுத வேண்டும் என்று வழிகாட்டியது. அந்த வழக்கில் விவரம் இல்லை என்று அப்பீல் கோர்ட்டு குற்றத்தைக் குறைத்திருந்தது. குற்றவாளி தரப்பு உரிய காலத்தில் ஆட்சேபிக்கவில்லை என்பதால்தான் சுப்ரீம் கோர்ட்டில் கொடுங்கொலை மீண்டும் நிலைத்தது. எழுதுகிறவர் சோம்பினால் நியாயம் இப்படி நூலில் தொங்கும்.

சாட்சி உயிரோடு இருப்பதும் முக்கியம். 2009 நவம்பர் 23-ல் மகின்டனாவ் மாகாணத்தில் 58 பேர் வழிமறித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 32 பேர் பத்திரிகைத் துறையினர். தீர்ப்பு வந்தது 2019 டிசம்பர் 19-ல். இந்தப் பத்தாண்டுக்குள் சாட்சிகள் சிலரே கொல்லப்பட்டார்கள். சாட்சிகளைக் காக்க 1991-லேயே அங்கே சட்டம் போட்டாகிவிட்டது. ஏட்டில் இருக்கும் காவல் சாட்சியின் வாசலுக்கு வராவிட்டால் யார் வாய் திறப்பார்?

ஆகவே செய்ய வேண்டியது தெளிவு. "முதலில் என்ன நடந்தது?" என்ற கேள்வியோடு விசாரணை ஆரம்பிக்க வேண்டும். குற்றப்பத்திரிகை விவரத்தோடு வர வேண்டும். சாட்சிக்கு உண்மையான காவல் வேண்டும். ஏழைக் குடும்பத்துக்கு முதல் நாளிலிருந்தே வக்கீல் வேண்டும். தொழிற்சங்கமும் விவசாயச் சங்கமும் கண்டன ஊர்வலத்தோடு நின்றுவிடக் கூடாது. கண்டவர்கள் மறப்பதற்கு முன், மிரட்டப்படுவதற்கு முன், அவர்கள் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவைக்கத் துணை நிற்க வேண்டும். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லச் சொல்வது கூடவே கூடாது. குறுக்கு விசாரணையில் அந்த ஒரு பொய் நூறு உண்மைகளைக் கொன்றுவிடும்.

அந்த மனைவி பொய் சொல்லவில்லை. முதல் குத்தைக் கண்டவனைத் தேடிப் பிடித்து அவள் பக்கத்தில் நிறுத்தாததுதான் குற்றம்.