மளிகைச் செலவுக்கு ஏற்ற அட்டை

மளிகைச் செலவுக்கு எந்தக் கடன் அட்டை உகந்தது என்று தஞ்சைப் பக்கத்தில் விசாரிக்கிறவர்கள், நூற்றுக்கு ஐந்து ரூபாய் திரும்பக் கிடைக்குமா, ஒன்றுதான் கிடைக்குமா என்பதையே முதலில் கேட்கிறார்கள். வீட்டுக்குப் பணம் எந்த மாதத்தில் வருகிறது என்பதல்லவா அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி?

மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறந்தால் குறுவை, பின்னர் சம்பாவோ தாளடியோ என்று வருஷத்தில் இரண்டு தடவை கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டு, வங்கிக் கணக்கில் பணம் ஏறும் நாளுக்குக் காத்திருக்கிற விவசாயிக்கு, மாதந்தோறும் குறித்த தேதியில் முழுத் தொகையையும் கேட்கிற அட்டை பொருந்தி வருவதில்லை. நம் ஊர் மளிகைக் கடைக்காரர்கள் பற்று நோட்டில் எழுதிக்கொண்டு, 'அறுப்பு முடிந்து கொடுங்கள்' என்று சொல்லி வந்தது, வயற்காட்டின் காலக்கணக்கு அவர்களுக்கும் தெரியும் என்பதனால்தான்.

கணக்கையே பார்ப்போம். சொந்த நெல்லை அரைத்தோ நியாயவிலைக் கடையில் வாங்கியோ அரிசி வந்துவிடுகிற வீட்டில், பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் முதலியவற்றுக்கு மாதம் 8,000 ரூபாய் ஆகிறதென்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு ஒன்று வீதம் வருஷத்தில் திரும்புவது 960 ரூபாய். வருஷக் கட்டணம் 500 ரூபாயும் அதன்மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி.யும் போனால் மிஞ்சுவது 370. ஒரே ஒரு மாதம் அந்த 8,000 பாக்கி நின்றுவிட்டால், மாதத்துக்கு மூன்றரை சதவிகித வட்டியும் அதற்கான வரியுமாக 330 ரூபாய் போய்விடும். தாமதக் கட்டணம் தனி. பாக்கி தீரும் வரையில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஓடும். ஐந்து சதவிகிதம் தரும் அட்டைகளோ பெரும்பாலும் குறிப்பிட்ட இணையக் கடைகளுக்கே அந்தச் சலுகையை வைத்திருக்கின்றன. 2022 முதல் ரூபே கடன் அட்டையை யு.பி.ஐ.யில் இணைக்கலாம் என்றாலும், வியாபாரக் கணக்காக இல்லாமல் தம் சொந்தக் கணக்கின் கியூ.ஆர். அட்டையை ஒட்டி வைத்திருக்கும் சின்னக் கடைக்காரரிடம் அது செல்லாது.

ஆகவே, மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ வாங்குகிறவர்கள் கட்டணமில்லாத அட்டை ஒன்றை எடுத்து, சம்பளத் தேதிக்குப் பின் கெடு வருமாறு அமைத்துக்கொள்வது நியாயமே. நெல்லை நம்பிய குடும்பத்துக்கு உரியது, 1998இல் ஏற்பட்ட கிசான் கடன் அட்டை: அறுவடையை ஒட்டித் தவணை வைக்கும் அதில், பயிர்ச் செலவுக்கான தொகையில் பத்து சதவிகிதம் வீட்டுச் செலவுக்கும் சேர்த்தே வரம்பு கணக்கிடப்படுகிறது; மூன்று லட்சம் வரையில் வட்டி 7 சதவிகிதம், கெடுவுக்குள் கட்டுகிறவருக்கு 4. குத்தகைக்காரரும் விதிப்படி இதற்கு உரியவரே. ஆனால் வாய்ப்பேச்சிலேயே குத்தகை நடக்கும் இந்தப் பிரதேசத்தில், காட்டுவதற்குக் காகிதமில்லாமல் அவர் வங்கி வாசலிலிருந்து திரும்புகிறார். 1969ஆம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி கிராமந்தோறும் பதிவை முடித்துக் கொடுக்க வருவாய்த் துறை உடனே முன்வர வேண்டும்.