கூட்டுக்குள் இருப்பவரை மேடையேற்ற வேண்டாம்

தியானப் பகுதி: கலாத்தியர் 1:15-18



குருமனைத் தோட்டத்துக் கறிவேப்பிலைச் செடியில், பறவை எச்சம் போன்ற ஐந்தாறு சிறு புழுக்களைக் கண்டோம். அவற்றைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, நாள்தோறும் கழிவை அகற்றிப் புதிய கொழுந்து வைத்து வளர்த்தோம். சில நாட்களில் அவை தோலுரித்துப் பச்சை நிறம் பெற்றன. பின்னர் உண்பதை நிறுத்தி, பட்டிழையால் தங்களைக் குச்சியோடு பிணைத்துக்கொண்டு கூட்டுப்புழுக்களாயின.

அதற்குப்பின் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. "செத்துப்போயிற்றா?" என்று பிள்ளைகள் நாள்தோறும் கேட்டார்கள். ஆனால் பெரும்பணி நடைபெறுவது அந்த அசைவற்ற உறைக்குள்ளேதான். புழுவின் பழைய உடல் பெருமளவு கரைய, புழுவாய் இருந்தபோதே உள்ளே மறைந்திருந்த நுண்ணிய திசுக்கள் சிறகுகளாக வளருகின்றன.

பத்து நாளளவில் உறை பிளந்தது. வெளிவந்த வண்ணத்துப்பூச்சியின் சிறகுகள் கசங்கிய துணிபோல் இருந்தன. அது அமைதியாகத் தொங்கி, உடல்நீரைச் சிறகு நரம்புகளில் செலுத்தி, அவற்றை விரித்து உலர்த்த வேண்டும். ஆவல் மிகுதியால் நான் புட்டியைத் தூக்கினேன். பூச்சி கீழே விழுந்தது. சிறகு கோணலாகவே இறுகிற்று. அது கடைசிவரை பறக்கவில்லை.

அப்பொழுது ஒரு சகோதரர் நினைவுக்கு வந்தார். மதுவை விட்டு ஒரு மாதமே ஆகியிருந்த அவரை, ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல அழைத்தவன் நானே. சபை கைதட்டி மகிழ்ந்தது. அடுத்த மாதம் அவர் இடறினார். எல்லோர் முன்பாகவும் வெற்றியை அறிவித்தவருக்குத் தோல்வியை ஒருவரிடமும் சொல்ல முகமில்லை. அவர் இன்னும் ஆலயத்துக்குத் திரும்பவில்லை.

ஆகையால் என் கருத்தைத் தெளிவாகச் சொல்லுகிறேன்: புதிதாய் மனந்திரும்பியவரை மேடையேற்ற அவசரப்படும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

பவுல் உடனே தமஸ்குவில் பிரசங்கித்தாரே என்பீர்கள். உண்மைதான். ஆயினும் அவர் அரபிதேசத்துக்குப் போனதையும், எருசலேமில் பேதுருவைக் காணுமுன் 3 வருஷம் கடந்ததையும் அவரே எழுதுகிறார். புதிய சீஷனைக் கண்காணியாக ஏற்படுத்த வேண்டாமென்று தீமோத்தேயுவுக்கு எச்சரித்தவரும் அவரே. சாட்சி கூடாதென்று நான் சொல்லவில்லை. பிசாசு நீங்கின மனிதனை ஆண்டவர் முதலில் அவன் வீட்டாரிடத்துக்கே அனுப்பினார் (மாற்கு 5:19).

ரோமர் 12:2-ல் பவுல் கூறும் மறுரூபத்துக்கும், பூச்சியின் உருமாற்றத்துக்கு அறிவியல் வழங்கும் பெயருக்கும் வேர் ஒரே கிரேக்கச் சொல். பவுல் அதைத் தொடர்ந்து நடைபெறுவதாகவும், நம்மில் வேறொருவர் நடப்பிப்பதாகவும் எழுதியிருக்கிறார். நடப்பிக்கிறவர் ஆவியானவர்; நம் பங்கு, புட்டியைச் சுத்தமாக வைப்பதும் கொழுந்து கொடுப்பதும் மட்டுமே. மாலைவேளையில் அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். அவரோடு அமர்ந்து உண்ணுங்கள். இடறினாலும் மறைக்கத் தேவையில்லாத நண்பராயிருங்கள்.

இந்த வாரம் நான் அந்தச் சகோதரரிடம் செல்லுகிறேன். ஆராதனைக்கு அழைப்பதற்கல்ல, மன்னிப்புக் கேட்பதற்கு. எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, உமது கரம் மறைவில் செய்யும் வேலையைக் கெடுக்காதபடி எங்கள் அவசரத்தை அடக்கியருளும். ஆமென்.