முந்தின நாளே அளந்துவிடுங்கள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், விழாக் கமிட்டியாருக்கும், பந்தயம் பார்க்கச் சாலையோரம் கூடும் பொதுமக்களுக்கும் குதிரை வண்டிச் சாரதிகளும் குதிரை வளர்ப்போரும் வைக்கும் வேண்டுகோள் இது.

தை பிறந்துவிட்டால் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சைப் பக்கத்து ஊர்களில் கோயில் விழாவை ஒட்டி மாட்டு வண்டிப் பந்தயமும் குதிரை வண்டிப் பந்தயமும் களைகட்டும். நோட்டீஸில் காலை 6 மணி என்று இருக்கும். மாடு ஓடிய பிறகுதான் குதிரை. குதிரையிலும் பெரியது, நடு எல்லாம் முடிந்த பிறகுதான் சின்னக் குதிரை. எங்கள் முறை வரும்போது வெயில் உச்சிக்கு ஏறித் தார்ச்சாலை கொதிக்கும். பிரமுகர் வரவில்லை, மைக் செட் பாடவில்லை என்பார்கள். அதெல்லாம் அரை மணி நேரச் சங்கதி. காலைப் பொழுதை விழுங்குவது உயரத் தகராறுதான்.

பிரிவுகள் உயரத்தை வைத்துப் பிரிக்கப்படுபவை. பரிசுக்கு ஆசைப்பட்டு நடுக் குதிரையைச் சின்னக் குதிரை என்று கொண்டுவந்து இறக்குவார்கள். மற்றவர்கள் விடுவார்களா? கொடி அசைக்கும் இடத்திலேயே, கூட்டத்துக்கு நடுவே, சரிவான மண்ணில் ஒரு கம்பை வைத்து அளப்பார்கள். முன்காலை அகட்டி நிறுத்தினால் உயரம் குறையும். குளம்பை ஒட்டச் சீவியிருந்தாலும் குறையும். கோலைக் கண்டதுமே முதுகை ஒடுக்கப் பழகிய குதிரைகளும் உண்டு. எப்படிப் பழக்கினார்கள் என்பதை இங்கே எழுத வேண்டாம். அளந்து முடிந்ததும் சண்டை, பஞ்சாயத்து, மறுபடி அளவு. அதற்குள் ஒரு மணி நேரம் போயிருக்கும்.

சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு மட்டக்குதிரைக்கு வைத்திருக்கும் வரம்பு லாடமில்லாமல் 148 செ.மீ., லாடத்தோடு 149. லாடத்தின் கனத்துக்குக்கூட ஒரு விதி! கெட்டியான சமதளத்தில் குதிரையை நேராக நிறுத்தி, பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் கோலை வைத்து அளக்கிறார்கள். நம் ஊர் வரம்பு எதுவாகவும் இருக்கட்டும், அதில் எங்களுக்கு வழக்கில்லை. ஓர் ஊரில் சின்னக் குதிரையாக ஓடியது அடுத்த ஊரில் நடுக் குதிரை ஆவதுதான் தாங்க முடியவில்லை.

இந்தத் தாமதத்தில் வதைபடுவது குதிரைதான். நள்ளிரவில் குட்டியானை வண்டியில் ஏற்றிய குதிரை விடியற்காலையில் வந்து இறங்குகிறது. பிறகு நிழலில்லாமல் மணிக்கணக்கில் நிற்கிறது. வேர்வை விட்டு உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிற பிராணி அது. ஓடுவதற்கு முன்பே பாதி நீரை இழந்தது போலத் துவண்டுவிடுகிறது. ஓய்வில் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். வெளிநாட்டு நெடுந்தூரப் போட்டிகளில், இடையில் நிறுத்தும்போது நாடி உரிய நேரத்துக்குள் 64-க்கு இறங்காவிட்டால் அந்தக் குதிரை மேற்கொண்டு ஓட முடியாது. இங்கே ஓடி முடித்த குதிரையின் நெஞ்சில் கை வைத்துப் பார்க்க ஆளில்லை. கால்நடை மருத்துவர் வந்தால் அவரைப் பொன்னாடை போர்த்தி மேடையில் உட்காரவைத்துவிடுகிறோம். தயவுசெய்து எல்லைக்கோட்டில் நிற்கவிடுங்கள்.

தண்ணீருக்கு ஒரே தொட்டி வைப்பதும் வேண்டாம். கிளாண்டர்ஸ் என்ற நோய் பொதுத் தொட்டி வழியாகக் குதிரைக்குக் குதிரை பரவும், மனிதரையும் தொற்றும். அந்த நோய் இருப்பது உறுதியானால் குதிரையைக் கொல்வதைத் தவிர வழியில்லை. வாளி நாங்கள் கொண்டுவருகிறோம். ஒரு குழாயும் நாலு தென்னங்கீற்றுப் பந்தலும் இருந்தால் போதும்.

பைக்கில் துரத்தி வந்து படம் பிடிக்கும் தம்பிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டிக் குதிரைக்குக் கண் மறைப்புக் கட்டியிருக்கிறது. பின்னால் வருவதை அது பார்க்காது, ஹாரனை மட்டும் கேட்கும். மிரண்டால் வண்டி உங்கள் மேல்தான் சாயும். கூட்டம் பெருகப் பெருகச் சாலை குறுகுகிறது. தாமதம் ஆக ஆகக் கூட்டம் பெருகுகிறது.

 

கமிட்டியார் மீது எங்களுக்குக் கோபமில்லை. அன்னதானம், நாடகம், வாண வேடிக்கை, பந்தயம் எல்லாவற்றையும் அதே பத்துப் பேர்தான் இழுத்துக் கட்டுகிறார்கள். ஆனால் தலைக்கட்டு வரி கொடுக்கிற ஊர்க்காரர்களான நீங்கள் கேட்டால்தான் காது கொடுப்பார்கள். நாங்கள் கேட்டால் “வெளியூர்க்காரன், தோத்துட்டுப் பேசுறான்” என்று முடிந்துவிடும். வரி வசூலிக்க வரும்போதே கேளுங்கள்: குதிரையை எப்போது அளக்கிறீர்கள், அளவை எங்கே எழுதி ஒட்டுகிறீர்கள், சின்னக் குதிரையை ஏன் முதலில் விடக் கூடாது?

அளவுகோலும் அளக்கத் தெரிந்த ஆட்களும் எங்களிடம் இருக்கிறார்கள். கூலி வேண்டாம், சாப்பாடுகூட வேண்டாம். பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் 4 மணிக்குப் பள்ளிக்கூட முற்றமோ நெல் காயும் சிமெண்டுக் களமோ ஒதுக்கிக் கொடுங்கள். இருட்டுவதற்குள் முடித்து, பட்டியலைக் கோயில் வாசலில் ஒட்டிவிட்டுத் தூங்கப் போகிறோம்.