எடைக்குப் போடும் முன் ஒரு நிமிடம்!



சரக்கு வாங்குவதில் நம்மை யாரும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது. துவரம் பருப்பைக் கையில் அள்ளியதுமே பழசா புதுசா என்று சொல்லிவிடுவோம். மிளகாய் வற்றலை ஒடித்துப் பார்த்தே ஈரம் எவ்வளவு என்று கண்டுகொள்வோம். அப்படிப்பட்ட நாம், குடோன் மூலையில் சாய்த்து வைத்திருக்கும் பழைய சைக்கிளை மட்டும் தூசிகூடத் தட்டிப் பார்க்காமல் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறோம். இந்தத் தவற்றை நானே செய்தவன். அதனால்தான் எழுதுகிறேன்.

மீன்சுருட்டிக் கடைத்தெருவில் எங்கள் கடைச் சுவரை ஒட்டிய தகரக் கொட்டகையில், என் தகப்பனார் காலத்திலிருந்து ஒரு சைக்கிள் மெக்கானிக் தொழில் செய்து வந்தார். மாதம் 300 ரூபாய் வாடகை. 2012-ஆம் ஆண்டு அதே இடத்துக்கு 3,000 ரூபாய் தருவதாக ஒரு செல்போன் கடைக்காரர் வந்தார். வியாபாரிக்கு வேறு கணக்கு ஓடுமா? மெக்கானிக்கைக் காலி செய்யச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க முதலாளி" என்று சொல்லி, பெட்டியையும் பம்பையும் எடுத்துக்கொண்டு தம் கிராமத்துக்குப் போய்விட்டார்.

மறு ஆண்டு பொங்கலுக்குக் குடோனைச் சுத்தம் செய்தபோது, என் தகப்பனார் ஓட்டிய சைக்கிள் கிடந்தது. இரண்டு டயரும் இற்றுப் போயிருந்தன. செயின் துருவேறி இறுகியிருந்தது. எடை போட்டதில் 23 கிலோ. கிலோ 20 ரூபாய் வீதம் 460 ரூபாய் வாங்கிக் கல்லாவில் போட்டேன்.

இரண்டு ஆண்டு கழித்து அந்த மெக்கானிக், மகள் திருமணத்துக்கு மளிகை எடுக்க வந்தார். சாமான் கட்டிக்கொண்டிருக்கும்போது, "பெரிய முதலாளி சைக்கிளு எங்கங்க?" என்று கேட்டார். எடைக்குப் போட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "அது நாட்டிங்காம்ல செஞ்ச ராலேங்க முதலாளி. மூணு கியரு. பின் ஹப்புல 52-ன்னு வருஷமே குத்தியிருக்கும். நான் இங்க இருந்திருந்தா அதைப் போட விட்டிருக்க மாட்டேங்க."

அன்று இரவு பழைய பேரேடுகளைப் புரட்டினேன். 1953-ஆம் வருடக் கணக்கில், கும்பகோணத்தில் சைக்கிள் வாங்கிய பற்று என் தகப்பனார் கையெழுத்தில் இருந்தது. அந்த வண்டியில்தான் அவர் அணைக்கரை வழியாகக் கும்பகோணம் போய்ச் சீவலும் வெற்றிலையும் கட்டிக்கொண்டு வந்து இந்தக் கடையை உண்டாக்கினார். அதே வகை வண்டிக்கு இன்று நகரங்களில் பல ஆயிரம் ரூபாய் கொடுக்க ஆள் இருக்கிறது. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அடையாளம் தெரிந்த மனிதரை 2,700 ரூபாய் கூடுதல் வாடகைக்காக அனுப்பிவிட்டு, அடையாளம் தெரியாமல் பொருளை விற்றேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அந்தச் செல்போன் கடையும் நான்கு ஆண்டில் மூடப்பட்டது.

பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்

அதன் பிறகு அந்த மெக்கானிக்கிடமும் விவரம் தெரிந்த மற்றவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை நம் உறுப்பினர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் ஹேண்டில் பாருக்குக் கீழே, முன்பக்கக் குழாயில் பதித்த தகட்டைத் துடைத்துப் பாருங்கள். ராலே என்றால் நாரைத் தலை இருக்கும். பி.எஸ்.ஏ. என்றால் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய சின்னம் இருக்கும். அந்தக் கம்பெனி பர்மிங்காமில் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பெனி. ஹம்பர் வண்டியை முன் ஃபோர்க்கைப் பார்த்தே சொல்லலாம்; ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழலாக இறங்கும். அதன் பெரிய பல்சக்கரத்தில் ஐந்து மனித உருவங்கள் வெட்டியிருக்கும். ரட்ஜ் வண்டியின் பல்சக்கரத்தில் விரித்த கை இருக்கும்.

ஆனால் பெயர் மட்டும் சாட்சி ஆகாது. விடுதலைக்குப் பின் இந்தப் பெயர்கள் பலவும் நம் நாட்டுக்கே வந்துவிட்டன. சென்னை அம்பத்தூரில் 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி ஹெர்குலிஸ் வண்டியைச் செய்தது. பின்னர் பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. பெயர்களிலும் வண்டிகள் வந்தன. வங்காளத்தில் அசன்சோலில் சென் ராலே கம்பெனி ராலே வண்டிகளைச் செய்தது. ஆகவே தகட்டில் ஊர்ப் பெயரையும் படியுங்கள். அத்துடன் தகடு சிறு ஆணிகளால் பொருத்தப்பட்டது. ஒரு வண்டியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டிவிடலாம். லூதியானா ஃபிரேமில் இங்கிலாந்துத் தகடு மாட்டி விற்கும் ஆசாமிகளும் இருக்கிறார்கள். வாங்கப் போகிறவர்கள் இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

தகட்டோடு ஃபிரேம் நம்பரையும் பார்க்க வேண்டும். சீட்டுக் குழாயின் மேல்முனையிலோ, பெடல் அச்சுப் பெட்டியின் அடியிலோ, பின்சக்கரம் மாட்டும் முனையிலோ அது குத்தப்பட்டிருக்கும். பின் ஹப்பில் ஸ்டர்மி ஆர்ச்சர் என்று எழுதியிருந்தால் அது கியர் வண்டி. பல ஹப்புகளில் செய்த ஆண்டின் கடைசி இரண்டு எண்கள் இருக்கும். ஹப் பின்னாளில் மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம் என்பதால், தகடு, நம்பர், ஹப் மூன்றும் ஒத்துப் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் வரி கட்டி வாங்கிய லைசென்ஸ் வில்லை தொங்கினால் பிடுங்கி எறியாதீர்கள். பழைய ரசீதும் பேரேட்டுப் பற்றும் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. கணக்கு எழுதும் நம்மிடம்தான் அவை இருக்கும்.

நாட்டு வண்டிதானே என்று தெரிந்தாலும் இளக்காரம் வேண்டாம். 1951-இல் சோனிபட்டில் தொடங்கிய அட்லஸ் கம்பெனியின் சாகிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் 3-ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்றே வேலையை நிறுத்தியது. நேற்றுவரை தெருவுக்குத் தெரு நின்ற வண்டி நாளைக்கு அரிய பொருளாகிவிடும்.

பழுது பார்ப்பதில் பதற்றம் கூடாது

பழைய வண்டி கிடைத்ததும் பலரும் செய்யும் முதல் காரியம் புது பெயிண்ட் அடிப்பது. அதுதான் பெரிய நஷ்டம். கறுப்பு எனாமலும் அதன்மேல் போட்ட பொன்னிறக் கோடுகளும் அந்த வண்டியின் வயதுக்குச் சான்று. மேல்துருவை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முலாமும் போகும், மதிப்பும் போகும். மண்ணெண்ணெய் டயர் ட்யூபில் படக்கூடாது.

இறுகிய நட்டு, காட்டர் பின், சீட்டுக் கம்பி ஆகியவற்றைச் சுத்தியால் அடிக்காமல், எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும். இடது பெடலும், செயின் பக்கத்து அச்சுக் கப்பும் இடமரை. இது தெரியாமல் திருகினால் மரை அழிந்துவிடும். நாட்டிங்காம் ராலே வண்டியில் அச்சுக் கப்பிலும் ஹேண்டில் கப்பிலும் அங்குலத்துக்கு 26 மரை; மற்றக் கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் 24 மரை. கடையில் கிடைக்கும் கப்பை வலுவாகத் திருகி ஏற்றினால் ஃபிரேமே பாழ். "ராலேக்கு வேற கப்பு சேராதுங்க" என்று மெக்கானிக்குகள் சொல்வதன் காரணம் இதுதான்.

பால்ரஸ் மாற்றும்போது தேய்ந்த ஒன்றிரண்டை மட்டும் மாற்றக்கூடாது. ஒரு ஹப்புக்கு மொத்தமாகப் புதிது போட வேண்டும். சாதாரண ஹப்பானால் பின்சக்கரத்துக்குக் கால் அங்குலத்தில் பக்கத்துக்கு 9, முன்சக்கரத்துக்கு 3/16 அங்குலத்தில் பக்கத்துக்கு 10 என்பது பொதுவான கணக்கு. கியர் ஹப்பைத் தெரியாதவர் பிரிக்கவே கூடாது. அதன் மேல் உள்ள சிறு மூடியைத் திறந்து மெல்லிய மிஷின் ஆயில் சில சொட்டு விட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். அந்த ஹப்புக்கு இன்றும் உதிரிப் பாகம் வருகிறது. 28-க்கு ஒன்றரை டயர் நம் பக்கத்திலேயே கிடைக்கிறது. ஆகவே சாமான் கிடைக்காது என்பது சரியான சாக்கு அல்ல.

மளிகைக்காரர் கவனத்திற்கு இரண்டு செய்திகள். ஒன்று, உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தாதீர்கள். ஒரே மழைக்காலத்தில் ரிம்மை அரித்துவிடும். இரண்டு, கைக்கு எட்டுகிறதே என்று கடலை எண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ செயினுக்கும் ஹப்புக்கும் விடாதீர்கள். கடலை எண்ணெய் நாளடைவில் பிசினாக ஒட்டும். தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறையும். தோல் சீட்டுக்கும் அது ஆகாது. தோல் தளர்ந்து தொய்ந்துவிடும். சீட்டுக்கு மெழுகுப் பூச்சுதான் சரி.

மெக்கானிக் இல்லாத கடைத்தெரு

இதையெல்லாம் படித்துவிட்டு, "வீட்டுக்கு இரண்டு மோட்டார் சைக்கிள் நிற்கும் காலத்தில் இது எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சைக்கிளில் மூட்டை கட்டிய காலம் திரும்பி வராது என்பதை நானும் அறிவேன்.

ஆனால் நம் வாடிக்கையாளர்களைப் பாருங்கள். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து பள்ளிக்கூடம் வரும் பிள்ளைகள் அரசு தந்த சைக்கிளில்தான் வருகிறார்கள். 1991, 1992-ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதை நாடே பேசியது. அந்தச் சைக்கிளுக்குக் கோட்டம் எடுக்க, பஞ்சர் ஒட்ட ஆள் இல்லை என்றால் என்ன ஆகும்? ஒரு பால்ரஸ் செட்டில் சரியாகும் வண்டி, திண்ணையில் சாய்ந்து கிடந்து எடைக்குப் போகிறது. அந்தப் பிள்ளை நடக்கிறாள், அல்லது பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள். அறுபது வருட வண்டியை அடையாளம் சொல்லும் கைதான் ஆறு வருட வண்டியையும் சரி செய்கிறது. இரண்டுக்கும் தனித்தனி ஆள் கிடையாது.

அந்தக் கை எந்தப் புத்தகத்திலும் இல்லை. என்னைப் போன்ற கட்டட உரிமையாளர்கள் கொட்டகை கொடுத்தால்தான் அது கடைத்தெருவில் இருக்கும். ஆகவே நம் சங்க உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: பழைய சைக்கிளை எடைக்குப் போடும் முன் தகடு, நம்பர், ஹப் மூன்றையும் பார்த்து, விவரம் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விற்பதென்றாலும் விலை தெரிந்து விற்கலாம்.

இரண்டு: ஒவ்வொரு கடைத்தெருவிலும் ஒரு சைக்கிள் மெக்கானிக்காவது கட்டுப்படியாகும் வாடகையில் இருக்கும்படி நம் கிளைச் சங்கங்கள் பொறுப்பெடுக்க வேண்டும். பத்துக்குப் பத்து இடம்கூட வேண்டாம். ஒரு தாழ்வாரமும் தண்ணீர்த் தொட்டியும் போதும். பஞ்சர் ஒட்டும் நேரத்தில் வண்டிக்காரர் நம் கடையில்தான் சாமான் வாங்குகிறார் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று: மூத்த மெக்கானிக்குகளிடம் ஒரு பையனாவது தொழில் கற்க வழி செய்ய வேண்டும். பையனுக்கு மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைச் சங்க நிதியிலிருந்து கொடுத்தால் அது வீண் செலவு ஆகாது.

நான் காலி செய்யச் சொன்ன மெக்கானிக்கை மீண்டும் வரும்படி கேட்டேன். "கை நடுங்குதுங்க முதலாளி, இனிமே முடியாது" என்றார். கொட்டகை இப்போது பூட்டிக் கிடக்கிறது. தொழில் தெரிந்த இளைஞர் யாராவது வந்தால், பழைய 300 ரூபாய் வாடகைக்கே தரக் காத்திருக்கிறேன். முதல் ஆறு மாதத்துக்கு அதுவும் வேண்டாம். உறுப்பினர்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் மீன்சுருட்டிக்கு அனுப்பி வையுங்கள்.