தூண்டிலும் தோள்மூட்டும்



சில மாதங்களுக்கு முன் ஒரு அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்து ஐந்து மாதமாகியிருந்தது. காயம் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் வலக்கையை உடம்போடு ஒட்டியபடியே வைத்திருந்தார். "தலை இழுக்கவும் ஏலாமல் கிடக்கு பிள்ளை. கையைத் தூக்கினால் தையல் விட்டுப்போடுமோ எண்டு பயம்" என்றார்.

வைத்தியசாலையில் பயிற்சி ஒன்றும் சொல்லித் தரவில்லையா என்று கேட்டேன். "சொல்லித் தந்தவை. சுவரிலை விரலை வைச்சு மெல்ல மெல்ல மேலை ஏத்தச் சொன்னவை. தனிய சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டு அதைச் செய்ய மனம் வரேல்லை" என்றார்.

பயிற்சி தெரியாததால் அந்தக் கை விறைக்கவில்லை. தனிமையாலும் பயத்தாலுமே விறைத்தது. இதே பிரச்சினைக்கு அமெரிக்காவில் சில பெண்கள் ஆற்றங்கரையில் ஒரு வழி கண்டார்கள். இம்மாதம் அதைப் பற்றிக் கதைப்போம்.

அங்கே வெர்மொண்ட் மாநிலத்தில் 1996ஆம் ஆண்டு 'காஸ்டிங் ஃபோர் ரிக்கவரி' என்ற அமைப்பு உருவானது. குணமடைவதற்காகத் தூண்டில் வீசுதல் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். தொடங்கியவர்களுள் ஒருவர் க்வென் பேர்க்கின்ஸ், தூண்டில் வீசுவதில் தேர்ந்தவர். மற்றவர் பெனிட்டா வோல்ற்றன், மார்பகச் சீரமைப்புச் செய்யும் சத்திரசிகிச்சை நிபுணர். மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களை, பெரும்பாலும் 14 பேர் கொண்ட குழுவாக, இரண்டரை நாட்கள் ஆற்றோரத்தில் தங்கவைத்து 'ஃப்ளை ஃபிஷிங்' கற்பிக்கிறார்கள். கட்டணம் இல்லை. இந்தத் தூண்டிலை வீசும் அசைவு, சத்திரசிகிச்சைக்குப் பின் தசைகளை இளக்கச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகளை ஒத்திருக்கிறது என்பதே இதன் அடிப்படை.

எங்கள் கரையோரத்துப் பெண்களுக்குத் தூண்டில் புதிதல்ல. தங்கூசியின் நுனியில் முள், முள்ளில் இறால், கொஞ்சம் மேலே ஈயம். எறிந்தால் ஈயத்தின் பாரம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் இது தலைகீழ். முள்ளில் இரை இல்லை. இறகும் நூலும் சுற்றி ஈ போலவோ புழு போலவோ கட்டிய பொய்ப் பூச்சிதான் இருக்கும். இத்தகைய பூச்சிகளைக் கட்டி ஏற்றுமதி செய்யும் தொழில் இலங்கையிலும் உண்டு. அந்தப் பூச்சிக்குப் பாரமே இல்லை. ஆகவே பாரத்தை நூலிலேயே வைத்திருக்கிறார்கள். மேலே பிளாஸ்டிக் பூசிய தடித்த நூல் அது. அதுதான் பூச்சியைத் தூக்கிச் செல்கிறது.

புதிதாகப் பழகுபவருக்கு வேண்டியவை அதிகமில்லை. சுமார் 9 அடி நீளமான, கார்பன் இழையாலான இலேசான தடி. நூலைச் சுற்றிவைக்க ஒரு ரீல். தடிக்கும் நூலுக்கும் இலக்கம் உண்டு, இரண்டும் பொருந்த வேண்டும். ட்ரவுட் மீனுக்குப் பெரும்பாலும் ஐந்தாம் இலக்கம். தடித்த நூலின் நுனியில், போகப்போக மெலியும் தங்கூசி 9 அடியளவு. அதன் முனையில் பூச்சி. முடிச்சை இறுக்க முன் எச்சிலால் நனைப்பார்கள், இல்லாவிட்டால் தங்கூசி சூடேறிப் பலமிழக்கும். முள் திரும்பி வந்து முகத்தில் படலாம் என்பதால் தொப்பியும் கண்ணாடியும் அவசியம். ட்ரவுட் குளிர்ந்த ஓடைகளில் வாழும் மீன். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் அதை எங்கள் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளுக்கும் கொண்டுவந்து விட்டார்கள்.

வீசும் முறைதான் முக்கியம். முதற்பாடம் புல்தரையில், முள்ளுக்குப் பதிலாக ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டி நடக்கும். தடியின் நுனியைத் தாழ்த்தி, நூலைத் தளர்வில்லாமல் நேராக்க வேண்டும். பிறகு முழங்கையை விலாவுக்கு அருகில் வைத்து, முன்கையை மெதுவாகத் தூக்கி, வேகத்தைக் கூட்டி, பெருவிரல் கண்ணருகே வந்ததும் சட்டென நிறுத்த வேண்டும். நூல் தலைக்கு மேலாகப் பின்னே பறக்கும். அது பின்னால் முழுதாக நீளும்வரை பொறுத்திருந்து, முன்னே தள்ளி மறுபடி நிறுத்த வேண்டும். நூல் சுருள் விரிந்து பூச்சியைத் தண்ணீரில் மெல்ல இறக்கும்.

புதியவர்கள் எல்லோரும் தவறுவது அந்தப் பொறுத்திருத்தலில்தான். அவசரப்பட்டால் சவுக்கடி போலச் சத்தம் கேட்கும், பூச்சி அறுந்து போகும். பலத்தைக் கூட்டினால் நூல் சிக்கும். இதற்குத் தேவை பலமல்ல, நிதானம். ஆகவே சத்திரசிகிச்சையால் கை பலவீனமானவரும் கற்கலாம். நோயை நினைத்துக் கையைத் தூக்கப் பயந்தவர், நூலைப் பார்த்துக்கொண்டே திரும்பத் திரும்பத் தூக்குகிறார்.

அங்கே மருத்துவத் துறையினரும் உளசமூகப் பணியாளரும் கூட இருக்கிறார்கள். மாலையில் வட்டமாக இருந்து கதைப்பார்கள். வீட்டில் சொல்ல முடியாததை, அதே தழும்பு உள்ள இன்னொருத்தியிடம் சொல்லலாம். கடைசி நாளில் ஒவ்வொருவருக்கும் ஒரு துணையாளர் ஆற்றுக்குள் கூட வருவார். பிடித்த மீனை ஈரக்கையால் தாங்கி, தண்ணீரை விட்டு அதிகம் எடுக்காமல், முள்ளைக் கழற்றித் திரும்ப விட்டுவிடுவார்கள்.

எங்களுக்கு ஃப்ளை ஃபிஷிங் வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆற்றங்கரையில் இருந்த மூன்று விடயங்களை எடுத்துக்கொள்ளலாம்: அளவான அசைவு, பொறுமை, பக்கத்தில் ஒரு பெண். எந்தப் பயிற்சியை எப்போது தொடங்கலாம், கிணற்றில் தண்ணீர் அள்ளலாமா, பாரம் தூக்கலாமா என்பவற்றை கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கை வீங்கினாலோ, சிவந்து சூடாக இருந்தாலோ, புதிதாக வலித்தாலோ தாமதிக்காமல் போய்க் காட்டுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

அக்காவைக் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்று மறுபடியும் காட்டினோம். பயிற்சி செய்யலாம் என்றார்கள். பக்கத்து வீட்டு மாமி தினமும் பின்னேரம் வந்து கூட நிற்கச் சம்மதித்தார். போன கிழமை போனபோது குசினிச் சுவரைக் காட்டினார். விரல் எட்டிய இடத்தில் நாளுக்கு நாள் கரித்துண்டால் கோடு போட்டிருந்தார்கள். முதற்கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் இடையே ஒரு சாண் இருந்தது.

"மாமி வராட்டி நான் விட்டிருப்பன் பிள்ளை" என்றார் அக்கா. அன்று தலையை அவரே இழுத்துப் பின்னியிருந்தார்.